முடிந்த வரியும் மடங்கிய வரியும்

கடந்த சில வாரங்களாக, ஆய்வேட்டுப் பணிக்கு இடையே, ஏழு வரிசைப் புள்ளிகளால் ஆன ஓர் அம்புக்குறியை வரைவதும் அழிப்பதுமாக இருந்தேன். கணினியின் உரைத்திருத்தியில் நீண்டதொரு வரி திரையின் விளிம்பை எட்டியதும் தானாக மடங்கிக் கீழே இறங்குகிறது அல்லவா? அவ்வாறு இறங்கிய பகுதியின் இடப்புற ஓரத்தில் நின்று, "இது புதிய வரியன்று, மேலுள்ள வரியின் தொடர்ச்சி" என்று அறிவிப்பதற்கான குறி அது. நாட்டார் பாடல்களை ஆராய்பவருக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானது. செய்யுளையோ ஏட்டுச்சுவடியையோ கல்வெட்டையோ கணினியில் உள்ளிடும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பாடல்களைத் தொகுப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள முதலமடைப் பகுதியில். நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில், தமிழக எல்லையை ஒட்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும் ஊர் அது. கோவிந்தாபுரம் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும். ஒரே வீட்டில் அக்காள் தமிழ் வழியிலும் தம்பி மலையாள வழியிலும் படித்திருப்பதைக் காணலாம். தோப்புகளில் கூலி வேலை செய்து ஓய்ந்த தமிழ்ப் பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்ப்பதுதான் என் பணி.

எழுத்தில் பெயர்க்கும்போது நான் கைக்கொள்ளும் விதி ஒன்றே: பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் வரி முடிகிறது. இசைக்குறிப்பு எழுதத் தெரியாத என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்குப் பாடலின் உருவத்தைத் தாளில் காப்பாற்ற இதைவிட எளிய வழியில்லை. ஒப்பாரியில் ஒரே மூச்சு எட்டு ஒன்பது சீர் வரை நீளும். பிறகு இரண்டே சீரில் சட்டென்று அறுந்துபோகும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் பாடலின் துயரம் இருக்கிறது. ஆகவே எண்டர் விசையை எங்கே தட்டுகிறேன் என்பது என்னைப் பொறுத்தவரை ஒரு தரவு.

எங்கள் பக்கத்தில் தாய்வழிப் பாட்டியை அம்மிச்சி என்போம். எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மிச்சியிடம், அவர் பாடிய ஒப்பாரியை மடிக்கணினியில் வைத்துப் படித்துக்காட்டி, அடிகளைச் சரியாகப் பிரித்திருக்கிறேனா என்று கேட்டேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர். என் விரல் திரையில் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிக்கறது செரியாத்தான் இருக்குது கண்ணு. ஆனா உன்ற பொட்டியில அது பாதியிலயே ஒடிஞ்சு கெடக்குதே? நான் அங்க மூச்சு வாங்குலியே" என்றார். குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் கீழிறங்கி மீண்டும் இடப்புறம் திரும்புவதை அவர் கவனித்திருக்கிறார். எழுத்தறிந்த நாம் பார்க்காமல் கடந்து போகிற ஒன்று அது. பாட்டின் முறிவு ஒன்று, பெட்டியின் முறிவு ஒன்று. இரண்டும் திரையில் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன.

இது கண்ணுக்கு மட்டும் உரிய சிக்கலாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் 14 வரிகள் கொண்ட ஒப்பாரி ஒன்றைச் சேர்த்திருந்தேன். மெய்ப்பு வந்தபோது அது 31 வரிகளாகியிருந்தது. அச்சுக்கோப்பவர் பிடிஎஃப் கோப்பிலிருந்து பாடலை நகலெடுத்திருக்கிறார். பக்க அகலத்துக்காக மடங்கிய இடங்கள் எல்லாம் உண்மையான வரிமுடிவுகளாக உறைந்துவிட்டன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த 31 வரிகளைப் படித்த ஒருவர், "இறுதிப் பகுதியில் அடிகள் குறுகிச் செல்வது துயரம் பெருகுவதைக் காட்டுகிறது, இதை ஆசிரியர் விரித்துரைக்கலாம்" என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். அந்தப் பகுதியில்தான் அம்மிச்சி மூச்சே விடாமல் நீண்ட அடிகளாகப் பாடியிருந்தார். தாளின் அகலத்தைப் பாடியவரின் துயரமாகப் படிக்க ஒரு நல்ல வாசகரால் முடிகிறது. ஒலிப்பதிவையும் எண்ணிட்ட வரிகளையும் அனுப்பிய பின் பாடல் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவு இல்லாத பழம்பாடல் ஒன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

எழுதப்படும் பொருளின் அகலம் எழுத்தை முறிப்பது புதிய செய்தியன்று. பனையோலையில் பாட்டை அடி பிரித்து எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. ஓலை முடியும்வரை எழுத்து ஓடும், முடிந்ததும் அடுத்த வரியில் தொடரும். புள்ளியும் இல்லை, சொல்லிடை வெளியும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, எது மூலம், எது நச்சினார்க்கினியர் உரை, பாட்டின் அடி எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் இந்தத் தொடர் ஓட்டத்திலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கல்லிலும் அப்படியே. சுவரின் அகலம் தீர்ந்தால் வரி தீர்ந்தது, சொல் முடிந்ததா என்று சிற்பி பார்ப்பதில்லை. கொம்பு ஒரு வரியின் இறுதியிலும் அதற்குரிய மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்பதைக் கல்வெட்டுப் பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் காணலாம். ஓர் எழுத்தே இரண்டாக மடங்கியிருக்கிறது!

இந்தச் சிக்கலுக்குக் கல்வெட்டுப் பதிப்பாசிரியர்கள் கண்ட தீர்வு எனக்கு நல்ல பாடமாக அமைந்தது. 1890இல் ஹுல்ட்ஸ் பதிப்பில் தொடங்கிய 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். கல்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும். கல்லின் வரி அச்சுப் பக்கத்தைவிட நீளமாக இருந்தால், அது மடங்கி அடுத்த அச்சுவரியில் தொடரும். அந்தத் தொடர்ச்சிக்கு எண் கிடையாது. ஆகவே எண் இருந்தால் கல்லின் முறிவு, இல்லாவிட்டால் தாளின் முறிவு. சொல்லை ஒரு எழுத்தும் மாற்றாமல், ஓரத்தில் நிற்கும் ஒரு குறியால் இரண்டு முறிவுகளும் பிரிந்துவிடுகின்றன.

பிற நாட்டு எழுத்தர்களும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கி.பி. 800ஐ ஒட்டி உருவான 'புக் ஆஃப் கெல்ஸ்' என்னும் சுவடியில், வரியில் இடம் போதாதபோது எஞ்சிய சொற்களை மேல்வரியின் அல்லது கீழ்வரியின் வெற்றிடத்தில் எழுதிவிட்டு, இது இவ்வரியைச் சேர்ந்ததன்று என்பதற்கு ஒரு சிறு குறி இடுவார்கள். அயர்லாந்து மரபில் அதற்கு, சிறகுக்குள் தலையைச் செருகிக்கொள்ளும் பறவையை நினைவூட்டும் பெயர் உண்டு.

கணினிக்கு வருவோம். நான் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியில், எழுத்து மட்டுமே காட்டும் திரைகளில், மடங்கும் வரியின் வலப்புற இறுதியில் ஒரு சாய்கோடு தோன்றும். 2001இல் வெளியான 21ஆம் பதிப்பில் உரைக்கு இருபுறமும் மெல்லிய ஓரப்பட்டைகள் வந்தன. சாய்கோட்டின் இடத்தை வளைந்த அம்புகள் பிடித்தன: மடங்கும் வரியின் வலப்புறத்தில் ஒன்று, தொடரும் வரியின் இடப்புறத்தில் ஒன்று. 2009இல் 23ஆம் பதிப்பு சொல்லின் நடுவே முறியாமல் மடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் அம்புகள் இயல்பாகத் தோன்றுவதில்லை. வேண்டுவோர் அமைப்பை மாற்றி வரவழைத்துக்கொள்ளலாம். உரைநடை எழுதுபவருக்கு அம்பு இடையூறுதான். பத்தி எங்கே மடங்கினால் அவருக்கு என்ன? செய்யுளும் நிரலும் எழுதுவோருக்குத்தான் வரி என்பது பொருளுள்ள அலகு.

விம் என்னும் மற்றொரு திருத்தியிலும் மடங்கிய வரியின் தலையில் நாம் விரும்பும் குறியைக் காட்டச் செய்யலாம். ஆனால் அது எழுத்துகள் நிற்கும் பரப்பிலேயே நிற்பதால், முனையத்தில் சுட்டியால் தெரிவு செய்து நகலெடுத்தால் குறியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஓரப்பட்டையில் நிற்கும் குறிக்கு அந்தத் தொல்லை இல்லை. அது பார்க்கக் கிடைக்கும், நகலெடுக்கக் கிடைக்காது. என் திரைக்கு உரியது என் திரையோடு அழிய வேண்டும், பாடலுக்கு உரியது மட்டுமே கோப்பில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே ஓரப்பட்டையைத் தேர்ந்தேன்.

அடுத்த கேள்வி: குறி இடப்புறத்தில் நிற்க வேண்டுமா, வலப்புறத்திலா, இரண்டிலுமா? இதற்கு விடை யாப்பிலக்கணத்தில் கிடைத்தது. ஆங்கிலச் செய்யுளின் இயைபொலி பெரும்பாலும் அடியின் இறுதியில் விழும். வரி முடிந்தது என்பதை முடிவே சொல்லிவிடும். தமிழில் அடியின் அடையாளம் அதன் தலையில் இருக்கிறது. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. ஓலையில் அடி பிரிக்காமல் எழுதியும் நம் முன்னோர் இடர்ப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். காது எதுகையைக் கேட்டதும் புதிய அடி தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளும்.

எண்சீர் ஆசிரிய விருத்தத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுச் சீர்களும் ஒரே அச்சுவரியில் அடங்காததால், நான்கு நான்காக மடக்கி, இரண்டாம் பாதியைச் சற்று உள்தள்ளி அச்சிடுவது வழக்கம். நான்கு அடிகள் எட்டு வரிகளாகத் தெரியும். மாணவர்கள் பலர் இதை எட்டடிப் பாடல் என்று எண்ணிவிடுகின்றனர். ஆனால் பாடலே விடை வைத்திருக்கிறது. அடியின் முதற்சீர் மற்ற அடிகளின் முதற்சீரோடு எதுகையால் உறவு கொண்டிருக்கும். ஐந்தாம் சீரோ, பெரும்பாலும், தன் அடியின் முதற்சீரோடு மோனையால் உறவு கொண்டிருக்கும். எதுகை 'நான் ஓர் அடி' என்கிறது. மோனை 'நான் மேலே உள்ளவனின் மறுபாதி' என்கிறது. ஓரக்குறி செய்ய வேண்டிய வேலையை விருத்தம் பாடிய புலவர்கள் ஒலியாலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

எல்லையில் வாழ்பவனுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். மலையாளத்திலும் இதே மரபு உண்டு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லீலாதிலகம், 'பாட்டு' என்னும் இலக்கிய வகையை வரையறுக்கும்போது எதுகையையும் மோனையையும் அதன் இலக்கணத்தில் சேர்க்கிறது. பிற்காலத்தில், இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டுமா என்பது குறித்துக் கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் ஒருபுறமும் ஏ.ஆர். ராஜராஜவர்மா மறுபுறமுமாக நின்ற நீண்ட விவாதமே நடந்தது. முதலமடையில் நான் பதிவு செய்த தாலாட்டுகளில் மலையாளச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. சில இடங்களில் தமிழ்ச் சொல்லுக்கு மலையாளச் சொல்லே எதுகையாக நிற்கிறது. அடியின் தலை இங்கே இரண்டு மொழிகளும் சந்திக்கும் இடம். அதை மறைக்கும் எந்தக் காட்சிமுறையும் என் ஆய்வுக்கு உதவாது.

ஆகவே குறி இடப்புறத்தில், எதுகை நிற்கும் பக்கத்தில் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். வரி எண்களும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. கண் மேலிருந்து கீழே இறங்கும்போது எண், அம்பு, அம்பு, எண் என்று வாசித்துக்கொள்ளும். வலப்புறத்தில் எதுவும் வேண்டாம். ஒரு செய்திக்கு ஒரு குறி போதும்.

இனி வடிவம். ஓரப்பட்டையின் இயல்பான அகலம் எட்டுப் படப்புள்ளிகள். ஒரு வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என மதிப்பு உண்டு. எந்தக் கட்டங்களை நிரப்புகிறோமோ அவற்றின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்குரிய எண் கிடைக்கும். இவ்வளவு சிறிய பரப்பில் எதை வரைந்தாலும் அது ஏதோவொரு தமிழ் எழுத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். செங்குத்துக் கோடு கீழே வந்து வலப்புறம் திரும்பினால் 'ட'. இருபுறமும் எழுந்தால் 'ப'. ஒற்றைப் புள்ளி மெய்யெழுத்தின் புள்ளி. சுழி போட்டால் பிள்ளையார் சுழி நினைவுக்கு வரும். அது தொடக்கத்தின் குறி, தொடர்ச்சிக்கு நேர் எதிரானது. கொம்பின் வடிவம் என்னை மிகவும் கவர்ந்தது. தனியே நிற்காமல், 'இதோ ஒன்று வருகிறது' என்று முன்னறிவிக்கும் குறி அல்லவா அது! ஆனால் கல்வெட்டுப் படிகளில் உண்மையான கொம்பே வரியின் ஓரத்தில் தனித்து நிற்கிறது. அதை உள்ளிடும் நண்பர் ஒருவர் இந்தக் குறியைப் பயன்படுத்தினால், ஓரத்தில் நிற்பது கல்லின் கொம்பா, என் கொம்பா என்ற குழப்பம் பிறக்கும். குழப்பத்தைத் தீர்க்க வந்த குறியே குழப்பமாகிவிடக் கூடாது.

கடைசியில் 'ட'வுக்கு ஓர் அம்புமுனை வைத்தேன். முனை வந்ததும் அது எழுத்து என்ற ஐயம் நீங்கிவிட்டது. வரிசைக்கொன்றாக 64, 64, 72, 68, 126, 4, 8 என ஏழு எண்களில் முழுப் படமும் அடங்கிவிடுகிறது. கட்டமிட்ட தாளில் நிரப்பிப் பாருங்கள்: மேலிருந்து இறங்கும் தண்டு, வலப்புறம் திரும்பும் கோடு, அதன் முனை. நிறம் வெளிர் சாம்பல். தமிழ் வரிகள் ஆங்கில வரிகளைவிட உயரமானவை. மேலே விலங்கும் கீழே உகரச் சுழியும் இடம் கேட்கும். ஆகவே குறியை வரியுயரத்தின் நடுவில் நிறுத்தினேன்.

இந்த அம்பால் எல்லாம் தீர்ந்துவிடாது. அது என் கண்ணுக்கு மட்டுமே காவல். கோப்பு என் கையை விட்டுப் போனபின், பாடலின் முறிவு எது என்பதைக் கோப்பே சொல்ல வேண்டும். இதற்கும் வழிகள் இருக்கின்றன. மின்னஞ்சலில் மடங்கிய வரியையும் முடிந்த வரியையும் பிரித்தறிய, மடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளியை விட்டுவைக்கும் முறையை 1999இல் ஒரு நெறிமுறை வகுத்தது. 1987இல் தொடங்கப்பட்ட டி.இ.ஐ. என்னும் உரைக்குறியீட்டு நெறிமுறையோ இன்னும் தெளிவாகச் செல்கிறது. செய்யுளடிக்கு ஒரு குறியீடு. மூலச் சுவடியில் வரி மாறும் இடத்துக்கு வேறொரு குறியீடு. அந்த இடத்தில் சொல் நடுவே முறிந்திருந்தால் அதைச் சொல்ல ஒரு பண்பு. இரண்டாவது குறியீட்டின் பெயருக்கு 'வரித்தொடக்கம்' என்பதே பொருள். அங்கும் அடையாளம் தலையில்தான் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. பாடலை உள்ளிடுவதற்கு முன்பே, உங்கள் கோப்பில் வரிமுடிவு எதைக் குறிக்கிறது என்பதை முதல் பக்கத்தில் ஒரு வாக்கியமாக எழுதிவையுங்கள்: மூச்சா, யாப்பின் அடியா, ஓலையின் வரியா, கல்லின் வரியா. ஒவ்வொரு உண்மையான வரிக்கும் எண் இடுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது மடங்கும் பகுதி உள்தள்ளி நிற்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்க வேண்டாம் என்று மூலக்கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். நெறியாளர்கள் மெய்ப்புப் பார்க்கும்போது எழுத்துப்பிழையோடு வரியெண்ணிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டால் நன்று.

நான் பதிவு செய்தவர்களில் மூவர் இப்போது உயிருடன் இல்லை. அவர்களின் பிள்ளைகள் அந்தப் பாடல்களைப் பாடுவதில்லை. பேரப்பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து மட்டும் மலையாளம். அந்தப் பெண்கள் எங்கே நிறுத்தினார்கள், எங்கே நிறுத்தாமல் போனார்கள் என்பதை நாளை ஒருவர் அறிய வேண்டுமென்றால், ஒலிப்பதிவை அடுத்து இருப்பது வரிமுடிவுகள் மட்டுமே. அவற்றுள் என் திரையின் அகலம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளனின் கடமைகளில் சிறியது. சிறியது என்பதாலேயே அதற்கு ஏழு எண்கள் போதுமானவையாக இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதைவிடத் தெளிவான வடிவம் யாருக்கேனும் தோன்றினால், அது எந்தத் தமிழ் எழுத்தோடும் மயங்காது என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.